லக்கலவிலிருந்து வராத மின்னஞ்சல்

வெப்மெயிலுக்குள் போக முடியவில்லை என்று தொலைபேசியில் அழைக்கிறவர்களின் குரல் எனக்கு நல்ல பழக்கம். எல்லாக் குரல்களிலும் ஒரு கூச்சம் இருக்கும். மின்சாரம் நின்றால் யாரும் வெட்கப்படுவதில்லை. தண்ணீர் வராவிட்டால் ஆத்திரம்தான் வரும். ஆனால் கணினி கடவுச்சொல் பிழை என்று சொல்லிவிட்டால், நன்றாகப் படித்தவர்கள்கூடத் தங்கள் நினைவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். "நான்தான் என்னமோ பிழையாத் தட்டிட்டேன் போல" என்றுதான் பேச்சே தொடங்கும்.

ஓய்வுபெற்று உக்குவளை வீட்டில் இருக்கிற என்னைப் பார்க்க, நான் இருந்த இடத்தில் இப்போது வேலை செய்கிற இரண்டு பேர் வந்திருந்தார்கள். எங்கள் நிலையத்தின் மின்னஞ்சலை வெளியே ஒரு பெரிய கம்பெனியின் பொறுப்பில் விடப்போகிறார்களாம். நல்ல முடிவு என்றேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "அங்கிள், உங்கள ஆகக் கஷ்டப்படுத்தின பிழை எது?" என்று கேட்டார்கள். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் அந்தப் பிழையைப் பற்றிச் சொல்வதென்றால் ருஸ்னா மிஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள்.

நான் கணினிக்கென்று படித்தவனல்ல. ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டக் கந்தோரில் டைப்பிஸ்டாகத் தொடங்கினேன். கந்தோருக்குக் கணினி வந்தபோது, டைப் அடிக்கிறவன்தானே என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். சனி ஞாயிறுகளில் கண்டிக்கு ரயிலில் போய், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தேன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் மாத்தளை நகரில் ஒரு சிறுநீரக நோயாளர் உதவி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன்.

அந்த நிலையத்தின் வேலை இதுதான். நாவுல, லக்கல போன்ற இடங்களில் சிறுநீரக நோயாளிகள் பலர் இருந்தார்கள். பஸ் குறைவு. ஆஸ்பத்திரிக்கு வந்துபோவது அவர்களுக்குப் பெரும்பாடு. ஒவ்வொரு பகுதியிலும் எங்களுக்கு ஒரு கிளை நிலையம் இருந்தது, அதில் ஒரு கள உத்தியோகத்தர் இருந்தார். மறுநாள் யார் யாரை அழைத்துவர வேண்டும், யாருக்கு இரத்தப் பரிசோதனை என்று அவர்கள் வெப்மெயில் வழியாக எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்து மாத்தளையிலிருந்து வேன் போகும். நோயாளர் விபரம் வாட்ஸ்அப்பில் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆகவே மின்னஞ்சல் நின்றால் வேன் நிற்கும்.

ருஸ்னா மிஸ் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தபோது, நான் ஏற்கெனவே சில வருடங்கள் அங்கே இருந்தவன். அவர் என் கடைசித் தங்கையைவிட இளையவர். மாத்தளை நகரத்துப் பிள்ளை. வாப்பாவுக்கு மசாலாச் சரக்குக் கடை. வந்த முதல் வாரமே ஒரு காலையில் சேர்வர் மக்கர் பண்ண, நான் வழக்கம்போல அதை நிறுத்தி மறுபடி இயக்கக் கை நீட்டினேன்.

"அண்ணன், கொஞ்சம் பொறுங்க" என்றார். "ரீஸ்டார்ட் பண்ணினா பிழையும் போயிரும், காரணமும் போயிரும். நாளைக்குத் திரும்ப வரும். காரணத்தப் பார்த்திட்டு நிப்பாட்டுவோம்."

அன்றைக்கு அது எனக்கு வேலை மெனக்கெடுத்துகிற பேச்சாகத்தான் பட்டது. போகப் போகத்தான் அவர் வேலை செய்யும் விதத்தில் எனக்கு ஒரு மயக்கமே உண்டாயிற்று.

யாராவது உள்ளே போக முடியவில்லை என்று அழைத்தால், அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "திரையில என்ன எழுதி ஈக்குதோ அத அப்பிடியே வாசிங்க. உங்கட சொல்லுல வேணாம், அதுட சொல்லுல." வாசித்து முடியும்வரை குறுக்கே பேசமாட்டார். பிறகு, வெப்மெயில் பக்கம் திறக்கிறதா என்று கேட்பார். திறந்தால் அந்தக் கணினியும் இணைய இணைப்பும் சரி. அதே ஆளின் கைத்தொலைபேசிக்கு மெயில் வருகிறதா என்று கேட்பார். வந்தால் மெயில் சேர்வரும் கடவுச்சொல்லும் சரி. அப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, எந்தக் கதவு திறக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றிவிட்டுச் சரிவந்தால், எது சரிப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யாரிடமும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டினால், முகத்தை அடுத்த பக்கம் திருப்பிக்கொள்வார். சும்மா ஒப்புக்கு அல்ல. கழுத்தை முழுக்கத் திருப்பி, சுவரைப் பார்ப்பார். பணிப்பாளருக்கும் அப்படித்தான், தேத்தண்ணி ஊற்றுகிற அக்காவுக்கும் அப்படித்தான்.

அந்தப் பெரிய பிழை வந்தது ஒரு மழைக்காலத்தில். எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும், கணினியில் அதைச் சேமித்து வைக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து புது விதி வந்து கொஞ்ச நாள்தான். திடீரென்று ஒரு காலையில் நாவுலயிலிருந்து அழைப்பு, உக்குவளையிலிருந்து அழைப்பு, எங்கள் மேல்மாடியிலிருந்தும் அழைப்பு. யாருக்கும் வெப்மெயிலுக்குள் போக முடியவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. சில நாள் கழித்து மறுபடி. கவனித்ததில், செவ்வாயும் வெள்ளியும் காலையில்தான் அது வந்தது.

பணிப்பாளர் நடராஜா சேர் நல்ல மனிதர். அந்த நிலையத்தைக் கட்டியெழுப்பியதே அவர்தான். ஆனால் அவர் மெயில் பார்ப்பது கைத்தொலைபேசியில். அதில் ஒரு தடங்கலும் இல்லை. "எனக்கு ஒழுங்கா வருதே. இவங்களுக்குப் புதுப் பாஸ்வேர்ட் ஞாபகமில்ல, அவ்வளவுதான்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ருஸ்னா மிஸ் நாவுல நிலையத்து எழுதுவினைஞர் பெண்ணை அழைத்து, திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

"அண்ணன், கேட்டீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். "பாஸ்வேர்ட்டுன்ற சொல்லே அதுல இல்ல. மெயில் சேர்வரோட தொடுக்க முடியல்லன்னுதான் ஈக்குது. பாஸ்வேர்ட் பிழைன்னு இவங்களா முடிவு கட்டிட்டாங்க."

எங்கள் ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். வெப்மெயில் பக்கம் ஒரு கணினியில் இருந்தது. மெயில் சேர்வர் வேறொன்று. நீங்கள் வெப்மெயிலில் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், அந்தக் கணினி உங்களுக்காகப் போய் மெயில் சேர்வரின் கதவைத் தட்டும். கதவில் ஒரு காவல் நிரல். ஒரே கணினியின் முகவரியிலிருந்து பல தடவை பிழையான கடவுச்சொல் வந்தால், யாரோ திருடன் என்று எண்ணி அந்த முகவரிக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடும். வெப்மெயிலில் வருகிற எல்லோருக்காகவும் தட்டுவது அந்த ஒரே கணினிதானே. ஆகவே ஓர் ஆள் திரும்பத் திரும்பப் பிழை விட்டால், காவல் நிரல் எல்லோரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடும். கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள் நேரடியாக வருவதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பணிப்பாளருக்கு மெயில் வந்ததும் அதனால்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சேர்வரின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். உள்நுழைய எடுக்கிற ஒவ்வொரு முயற்சியும் அதில் ஒரு வரியாக விழும். கொஞ்ச நேரத்தில் ஒரே பெயர் வரிசையாக விழத் தொடங்கியது. தோல்வி, தோல்வி, மறுபடி தோல்வி. கதவு சாத்தப்பட்டது. தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின.

அந்தப் பெயர் மாரிமுத்து. லக்கலவின் கள உத்தியோகத்தர். செவ்வாயும் வெள்ளியும்தான் அவர் பட்டியல் அனுப்புகிற நாட்கள்.

இதே நாட்களில்தான் வேறொரு விஷயமும் நடந்திருந்தது. லக்கலவிலிருந்து வேன் கேட்டு மெயில் வருவது குறைந்துபோயிருந்தது. மாரிமுத்து அண்ணன் தொலைபேசியில் கேட்டபோது வேன் பிரிவினர் முதலில் வேனை அனுப்பினார்கள். பிறகு எழுத்தில் வராமல் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ஒருநாள் சோமாவதி என்ற சிங்களத் தாய் ரோட்டோரத்தில் காலை முழுக்க வேனுக்குக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் மூச்சு முட்டத் தொடங்கி, பக்கத்து வீட்டார் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம்.

பதிவைப் பார்த்ததும் பணிப்பாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த அம்மா செத்திருந்தா யாரு பதில் சொல்றது? ஒரு பாஸ்வேர்ட் அடிக்கத் தெரியாத ஆளை அங்க வச்சிருக்க ஏலாது. அவரை நிப்பாட்டிட்டு, கம்பியூட்டர் தெரிஞ்ச ஒருத்தரைப் போடுவோம். திங்கட்கிழமை கடிதம் போகட்டும்."

ருஸ்னா மிஸ் அவருடைய கோபம் அடங்கும்வரை நின்றார். பிறகு பதிவை அவர் பக்கம் திருப்பினார்.

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க. இந்த மனிசன் தோத்துத் தோத்து எத்தின தரம் தட்டியிருக்கார். வேலையில அக்கறை இல்லாத ஆள் ரெண்டு தரம் தட்டிட்டு எழும்பிப் போயிருப்பார். கதவு சாத்தி, திறந்து, அதுக்குப் பொறகும் வந்து தட்டியிருக்கார். எனக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க விடுங்க. கடிதம் அதுக்குப் பொறகு."

நானும் அதே வரிகளைத்தான் பார்த்திருந்தேன். எனக்கு அதில் தோல்வி மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்கே நாங்கள் வேனில் போனோம். நாவுல தாண்டியதும் வயல்கள்; அப்புறம் காட்டை வெட்டிப் பயிர் செய்த சேனைகள், அவற்றின் ஓரமாக யானை வேலி. "அஞ்சு மணிக்கு முந்தித் திரும்பிரணும் மிஸ், ரோட்டுக்கு வந்துருவானுங்க" என்று சாரதி இரண்டு தடவை சொன்னார். யானைகளைத்தான் சொன்னார்.

மாரிமுத்து அண்ணன் வாசலுக்கு வந்து நின்றார். என் வயதுதான். தோட்டத்தில் பிறந்து, வேலைக்காக லக்கலவுக்குப் போய், சிங்களக் கிராமத்து ஆட்களோடு ஒருவராகிப்போனவர். எந்த வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை என்று மனப்பாடமாகச் சொல்லுவார். "வாங்க மிஸ், வாங்கண்ணே, உக்காருங்க" என்று வரவேற்றவர், தேத்தண்ணிப் போச்சியையும் கருப்பட்டியையும் காட்டி, "நீங்களே ஊத்திக்குங்க, நம்ம வீடு மாதிரி" என்றார். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். எனக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் பட்டது.

"சோமாவதியம்மாவைப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க?" என்று அவரே தொடங்கினார். "என்னால தாங்க நடந்துச்சு. அன்னைக்கு எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா மிஸ்? பாஸ்வேர்டு எனக்கு ஞாபகமிருக்கு. சத்தியமா ஞாபகமிருக்கு. அது என்னை நம்பமாட்டேங்குது."

"நான் நம்புறேன் அண்ணன்" என்றார் ருஸ்னா மிஸ். "அத எனக்குச் சொல்ல வேணாம். வழக்கமா செய்யிற மாதிரி உள்ளுக்குப் போங்க. நான் பக்கத்துல ஈக்கிறேன்."

கணினியின் முன் அவர் உட்கார்ந்தார். பெயர் ஏற்கெனவே திரையில் இருந்தது. கடவுச்சொல்லுக்கு வந்ததும் ருஸ்னா மிஸ் எப்போதும்போல முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நானும் திரும்பிக்கொண்டேன். விசைகள் தட்டும் ஓசை. கடவுச்சொல் பிழை. மறுபடி தட்டினார். மறுபடி பிழை.

மூன்றாம் முறை அவர் தட்டும்போது, சுவரைப் பார்த்தபடியே ருஸ்னா மிஸ்ஸின் நெற்றி சுருங்கியது. கண்ணை மூடினார். காதைக் கொடுத்துக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் கேட்டேன். டக். டக்-டக். டக். டக்-டக். சில இடங்களில் ஒரு தட்டு இரண்டாக விழுந்தது.

அவர் திரும்பினார். வெறும் எழுத்துப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து வைத்தார்.

"அண்ணன், இதுல உங்கட பேர இங்கிலீஷ்ல அடிங்க. திருத்த வேணாம். அடிச்சிட்டு விட்டுருங்க."

அவர் தயங்கினார். பிறகு அடித்தார். திரையில் அவருடைய பெயர் விழுந்தது, தொடக்கத்திலேயே இரண்டு எம், பிறகு மூன்று ஆர், இரண்டு டி என்று. மற்றக் கடிதங்களில் எழுத்து கண்ணுக்குத் தெரியும். கூடினால் அழித்துத் திருத்தியிருப்பார். கடவுச்சொல்லில் புள்ளிகள்தானே தெரியும். எது இரட்டித்தது என்று யாருக்குத் தெரியும்? முன்பு கணினியே கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்ததால் அவருக்குத் தட்ட வேண்டியிருக்கவில்லை. புது விதி வந்த பிறகுதான் எல்லாம்.

மாரிமுத்து அண்ணன் கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். அப்போதுதான் நான் பார்த்தேன். வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினார்.

"கொஞ்ச மாசமாத்தாங்க" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "வீட்டுல கூடச் சொல்லல்ல. டொக்டருகிட்ட போனா எழுதிக் குடுத்துருவாங்க, வேலைக்கு லாயக்கில்லன்னு. இந்தச் சனத்தை விட்டுட்டு நான் எங்க போறது?"

அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். ருஸ்னா மிஸ் கணினியின் அமைப்புகளைத் திறந்தார். ஒரே விசை சட்டென்று இரண்டு தடவை தட்டுப்பட்டால், இரண்டாவதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற வசதி ஒன்று அதில் இருக்கிறது. கை நடுங்குகிறவர்களுக்கென்றே வைத்தது. அத்தனை வருடம் கணினியோடு கிடந்த நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவர் அதை இயக்கினார். மாரிமுத்து அண்ணனை மறுபடி பெயரை அடிக்கச் சொன்னார். ஓர் எழுத்தும் இரட்டிக்கவில்லை.

"இப்ப உள்ளுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் தடவையிலேயே திறந்தது. அஞ்சல்கள் திரை நிறைய வந்து நின்றன. மாரிமுத்து அண்ணனின் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் நாங்கள் வெளியே போய் நின்றோம்.

கிளம்பும்போது ருஸ்னா மிஸ் அவரிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணன், உங்கட கையப் பத்தி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இவரும் சொல்லமாட்டார். சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும், உங்களுக்குச் சரின்னு படுற நேரத்துல. ஆனா டொக்டருட்ட போறத மட்டும் தள்ளிப் போடாதீங்க. நாளைக்கு வாற வேன்ல சோமாவதியம்மாவோட நீங்களும் ஏறுங்க."

திங்கட்கிழமை பணிப்பாளரின் அறையில் நானும் இருந்தேன்.

"பிழை எங்க பக்கம், சேர்" என்றார் ருஸ்னா மிஸ். "ஒருத்தர் தவறினா எல்லாரையும் பூட்டுற மாதிரி காவல வச்சிருந்திருக்கிறோம். இப்ப மாத்திட்டோம். யாரு எங்க இருந்து தட்டுறாங்கன்னு வெப்மெயில் இனி சேர்வருக்குச் சொல்லும். ஒருத்தருட பிழைக்கு மத்தவங்க வெளிய நிக்க மாட்டாங்க."

"மாரிமுத்து பாஸ்வேர்ட்டைப் பிழையா அடிச்சது?"

"அவருட கம்பியூட்டர்ல ஒரு செட்டிங் சரியில்லாம இருந்திச்சு. அதையும் மாத்திட்டேன். அவருக்குப் பாஸ்வேர்ட் எல்லாம் நல்லாத் தெரியும் சேர்."

ஒரு சொல் பொய்யில்லை. பணிப்பாளர் அடித்து வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ருஸ்னா மிஸ் வேறு வேலை பார்ப்பதுபோல இருந்தார். ஆனால் கண் இங்கேதான். மாரிமுத்து என்று ஒரே ஒரு வரி விழுந்தது. வெற்றி. கொஞ்ச நேரத்தில் வேன் பிரிவிலிருந்து, லக்கலவின் பட்டியல் வந்துவிட்டது, நாளைக்கு வண்டி போகும் என்று சொன்னார்கள்.

அண்ணன் டொக்டரிடம் போனார். பயந்த அளவுக்குப் பெரிய வியாதியில்லை. மாத்திரையில் நடுக்கம் பாதி குறைந்தது, மீதி அப்படியே இருந்தது. வேலையைத் தொடர்ந்து பார்த்தார்.

அந்த வருட இறுதியில் எல்லாக் கிளைக்காரர்களும் மாத்தளையில் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மாரிமுத்து அண்ணனின் முறை வந்தபோது அவர் மைக்கை வலது கையில்தான் வாங்கினார். அது அவருடைய சட்டைப் பொத்தானில் தட்டித் தட்டி மண்டபம் முழுக்கச் சத்தம் கேட்டது. அவர் கையை மாற்றவில்லை.

"சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்க" என்றார். "என் கை நடுங்குது. ரொம்ப நாள் மறைச்சு வச்சிருந்தேன். அதனாலதான் அன்னைக்கு உங்க எல்லாருக்கும் மெயில் நின்னுச்சு, அதனாலதான் சோமாவதியம்மா ரோட்டுல நின்னாங்க. மருந்து எடுக்கிறேன். வேலை செய்ய முடியும்னு டொக்டர் சொல்லியிருக்காரு. இது மொதல்ல தெரிஞ்சது ருஸ்னா மிஸ்ஸுக்கு. அவங்க அதை எனக்கே விட்டுட்டாங்க."

பிறகு லக்கலவின் நோயாளர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். யாருக்கு என்ன தேவை, எந்தக் கிராமத்துக்கு இன்னொரு நாள் வேன் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

பணிப்பாளர் எங்கள் வரிசைக்கு வந்து ருஸ்னா மிஸ்ஸின் பக்கம் குனிந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"மிஸ், என் அறையில நின்னு அறிக்கை சொன்னீங்களே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

ருஸ்னா மிஸ் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாரிமுத்து அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாஸ்வேர்ட்டப் பத்தித்தானே கேட்டீங்க, சேர்" என்றார்.